காப்பி முடிந்தது, எழுதத்தான் இன்னும் தொடங்கவில்லை

பென்டிரைவில் 2 ஜிபி வீடியோ ஒன்றைப் போடுகிறீர்கள். பட்டை சரசரவென ஓடி, நான்கைந்து விநாடியில் 100 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. பரவாயில்லையே, இவ்வளவு வேகமா என்று நினைத்துக்கொண்டே வெளியேற்றும் பொத்தானை அழுத்தினால், ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, பிடுங்க வேண்டாம்’ என்கிறது கணினி. ஒரு நிமிடம் போகிறது, மூன்று நிமிடம் போகிறது. பென்டிரைவின் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

நான் ஒருமுறை அந்தச் செய்தியை மதிக்காமல் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். போன இடத்தில் செருகிப் பார்த்தால் ஃபைலின் பெயர் இருந்தது, அளவு பூஜ்யம்.

அந்த 100 சதவீதம் பொய்யா? பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. உங்கள் வீடியோ அந்த நேரத்தில் இருந்தது ரேமில். பென்டிரைவுக்கு எழுதும் வேலையை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது. இப்படித் தள்ளிப்போட்டு எழுதுவதற்கு ரைட்பேக் என்று பெயர். எப்போது எழுதுவது, யார் எழுதுவது, எழுதும்போது மற்றவர்களை எவ்வளவு காக்க வைப்பது என்ற மூன்று கேள்விகளோடு லினக்ஸ் கெர்னல்காரர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் லினக்ஸ். மற்ற இயங்குதளங்களிலும் அடிப்படை இதேதான்.

நிலுவைப் பக்கங்கள்

ஒரு ப்ரோக்ராம் ஃபைலில் எழுதச் சொல்லும்போது, கெர்னல் அந்தத் தரவை பேஜ் கேஷ் என்ற ரேம் பகுதியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, ‘சரி, ஆயிற்று’ என்று உடனே பதில் சொல்லிவிடும். பேஜ் கேஷ் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டது; பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. ரேமில் புதிதாக இருந்து டிஸ்கில் இன்னும் பழையதாகவே இருக்கும் பக்கத்துக்கு டர்ட்டி பேஜ் என்று பெயர். இதை அழுக்குப் பக்கம் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. அதில் அழுக்கு எதுவும் கிடையாது, டிஸ்குக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். நான் நிலுவைப் பக்கம் என்றே சொல்லப்போகிறேன்.

அதே ஃபைலை வேறொரு ப்ரோக்ராம் படித்தாலும் அதற்குப் பேஜ் கேஷிலிருந்தே புதிய தரவு கிடைக்கும். அதனால் டிஸ்க் பின்தங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. மின்சாரம் போனால் அல்லது என்னைப்போல் யாராவது பிடுங்கினால்தான் குட்டு வெளிப்படும்.

எதற்கு இந்தத் தள்ளிப்போடல்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும், அது 4 மில்லி விநாடி. அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 மில்லி விநாடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை எழுதினால் விநாடிக்கு எண்பது சொச்சம்தான் முடியும், அதாவது சுமார் 330 கேபி. அதே டிஸ்க் தொடர்ச்சியாக எழுதினால் விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும். முந்நூறு மடங்கு வித்தியாசம்! கொஞ்சம் பொறுத்திருந்து, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்து ஒரே மூச்சில் எழுதினால் கிடைக்கும் லாபம் இது. எஸ்எஸ்டியில் நகரும் தலை கிடையாதுதான். ஆனால் அது பெரிய பெரிய தொகுதியாகத்தான் அழிக்கும், சிதறலாக எழுத எழுத உள்ளுக்குள்ளேயே தரவை இடம் மாற்றிக்கொண்டிருக்கும், ஆயுளும் குறையும். அதற்கும் சேர்த்து எழுதுவதே நல்லது.

இன்னொரு லாபமும் உண்டு. சில ஃபைல்கள் பிறந்த சில விநாடியிலேயே அழிக்கப்படுபவை. கம்பைலர் போடும் தற்காலிக ஃபைல்களைப்போல. பொறுத்திருந்தால் அவற்றை எழுதவே வேண்டியதில்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ப்ராக் அடைவில் மெம்இன்ஃபோ என்றொரு ஃபைல் இருக்கிறது. அதில் ‘டர்ட்டி’ என்று ஒரு வரி, ‘ரைட்பேக்’ என்று ஒரு வரி. முதலாவது எழுதக் காத்திருக்கும் நிலுவை. இரண்டாவது இந்தக் கணத்தில் டிஸ்குக்குப் போய்க்கொண்டிருப்பது. ஒரு டெர்மினலில் வாட்ச் கட்டளையால் இந்த இரண்டு வரிகளையும் விநாடிக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். இன்னொரு டெர்மினலில் டிடி கட்டளையால் 1 ஜிபி ஃபைல் ஒன்றை எழுதுங்கள். (உண்மையான டிஸ்கில் இருக்கும் அடைவாகப் பார்த்து எழுதுங்கள், டெம்ப் அடைவு பல கணினிகளில் ரேமிலேயே இருக்கும்.) 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் டிடி கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டர்ட்டி வரி பத்து லட்சம் கேபியைத் தாண்டி நிற்கும். அப்புறம் ஒன்றும் நடக்காது. டிஸ்க் சும்மா இருக்கும். ஏறக்குறைய அரை நிமிடம் கழித்து, யாரோ தட்டி எழுப்பியதுபோல ரைட்பேக் வரியில் எண்கள் ஏறும், டர்ட்டி வரி இறங்கத் தொடங்கும். அந்த அரை நிமிடத்துக்குள் ஃபைலை அழித்துப் பாருங்கள்: டர்ட்டி சட்டென்று விழும், ரைட்பேக் அசையாது. 1 ஜிபி எழுதினீர்கள். டிஸ்குக்கு ஒரு துளியும் போகவில்லை.

நான்கு எண்கள்

அந்த அரை நிமிடம் எங்கிருந்து வந்தது? கெர்னலில் இதற்கென்று நான்கு முக்கிய அமைப்புகள் உண்டு. நிலுவையை டிஸ்குக்கு எழுதக் கெர்னல் பின்னணியில் ஒரு வேலையாளை வைத்திருக்கிறது, அதை எழுத்தர் என்போம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுத்தர் விழித்துப் பார்க்கும். 30 விநாடிக்கு மேல் பழையதாகிவிட்ட நிலுவையை எழுத அனுப்பும். இவை இரண்டும் நேரக் கணக்கு. அளவுக் கணக்கு இரண்டு: நிலுவை 10 சதவீதத்தைத் தாண்டினால் வயது பார்க்காமல் பின்னணியில் எழுதத் தொடங்கும், இது டர்ட்டி பேக்ரவுண்ட் ரேஷியோ. 20 சதவீதத்தைத் தொடப்போனால் எழுதும் ப்ரோக்ராமையே நிறுத்திவைக்கும். இது டர்ட்டி ரேஷியோ. சதவீதம் என்றால் மொத்த ரேமில் அல்ல. காலியாக இருப்பதும், ஃபைல் கேஷாக இருந்து வேண்டும்போது காலி செய்யக்கூடியதும் சேர்ந்த அளவில்.

30 விநாடி பழைய யூனிக்ஸின் மிச்சம். அங்கே அப்டேட் என்ற ப்ரோக்ராம் 30 விநாடிக்கு ஒருமுறை சிங்க் செய்துகொண்டிருக்கும், அதாவது நிலுவை முழுவதையும் டிஸ்கில் எழுதச் சொல்லும். மூத்த நிர்வாகிகள் கணினியை நிறுத்துமுன் சிங்க் என்று மூன்று முறை தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மந்திரம் ஒன்றுமில்லை. அக்காலச் சிங்க் ‘எழுதச் சொல்லிவிட்டேன்’ என்பதோடு திரும்பிவிடும், முடியும்வரை காத்திராது. மூன்று முறை தட்டும் நேரத்தில் டிஸ்க் வேலையை முடித்துவிடும் என்ற நம்பிக்கைதான். லினக்ஸின் சிங்க் முடியும்வரை காத்திருக்கும், ஒருமுறை போதும்.

நேரக் கணக்கில் பெரிய தொந்தரவு இல்லை. சிக்கல் சதவீதத்தில். ரேம் 64 எம்பி இருந்த காலத்தில் 20 சதவீதம் என்றால் 13 எம்பிக்குள். இன்று 64 ஜிபி ரேமில் அதே 20 சதவீதம் கிட்டத்தட்ட 13 ஜிபி. ரேம் ஆயிரம் மடங்கு வளர்ந்தது; மலிவான பென்டிரைவ் இன்னும் விநாடிக்கு 10 எம்பியில் நிற்கிறது. 13 ஜிபியை அந்த வேகத்தில் எழுதி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த 10, 20 என்ற இரண்டு வரம்புகளின் நடுப்புள்ளி வரை, அதாவது 15 சதவீதம் வரை, கெர்னல் பொதுவாக யாரையும் தடுப்பதில்லை. நம் 2 ஜிபி வீடியோ 16 ஜிபி ரேமில் ஏறக்குறைய அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. பட்டை பறந்ததன் ரகசியம் அதுதான்.

யார் எழுதுவது?

முதல் பெரிய திருத்தம் இந்தக் கேள்வியில் நடந்தது. 2.6 கெர்னலின் ஆரம்பக் காலத்தில் பிடிஃப்ளஷ் என்ற எழுத்தர்கள் இருந்தார்கள். இரண்டு முதல் எட்டு பேர் வரை. கணினியில் இருக்கும் எல்லா டிஸ்குக்கும் அவர்களே பொது. ஒரு டிஸ்க் மந்தமானால், அங்கே போன எழுத்தர் அங்கேயே மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கூட்டமாக இருக்கும் டிஸ்கைக் கண்டால் ஒதுங்கிப் போகும்படி செய்தார்கள். விளைவு, மும்முரமான டிஸ்குக்குத்தான் எழுத்தர் கிடைக்காமல் போனது. மற்ற வேலையாட்கள் ஒதுங்காமல் வரிசையில் முண்டியடித்து இடம் பிடிப்பார்கள். பிடிஃப்ளஷ் மரியாதையாக ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

2009 டிசம்பரில் வந்த 2.6.32 கெர்னலில் ஜென்ஸ் ஆக்ஸ்போ இந்தப் பொது எழுத்தர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி எழுத்தரை வைத்தார். வரிசை நிரம்பினால் அவர் தாராளமாகக் காத்திருக்கலாம், வேறு டிஸ்குக்கு நஷ்டமில்லை. அப்போதைய கணினிகளில் ப்ராசஸ் பட்டியலைப் பார்த்தால் ஃப்ளஷ்-8:0 என்று ஒரு பெயர் தென்படும். 8:0 என்பது முதல் டிஸ்கின் எண். இன்று அதே வேலையைக் கேவொர்க்கர் பெயரில் பார்க்கலாம்.

இதைவிட நுட்பமான திருத்தம் 2012 ஜனவரியில் வந்த 3.2 கெர்னலில் நடந்தது. வூ ஃபெங்குவாங் செய்தது. என் கணிப்பில் ரைட்பேக் வரலாற்றிலேயே அழகான வேலை இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அதற்கு முன் இருந்த விதி, கேட்பதற்கு நியாயமானது: வரம்பைத் தாண்டி நிலுவை சேர்த்தது நீதானே, அப்படியானால் நீயே கொஞ்சம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. ப்ரோக்ராம் ரைட் என்று அழைத்தால், அதன் நேரத்திலேயே கெர்னல் சில பக்கங்களை டிஸ்குக்கு அனுப்ப வைக்கும். ஒரே ப்ரோக்ராம் என்றால் பிரச்சினை இல்லை. பத்து ப்ரோக்ராம்கள் பத்து ஃபைல்களில் எழுதினால்? பத்து பேரும் ஒரே நேரத்தில் டிஸ்கைப் பத்துத் திசையில் இழுப்பார்கள். சேர்த்து எழுதி லாபம் பார்க்கத்தான் தள்ளியே போட்டோம். கடைசியில் சிதறடித்தே எழுதுகிறோம். போதாக்குறைக்கு ஒரு ப்ரோக்ராம் எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்ளும் என்பதும் சொல்ல முடியாது, சில சமயம் பல விநாடி உறைந்து நிற்கும்.

புதிய விதி: வரம்பை நெருங்கினால் நீ எழுதவேண்டாம், கொஞ்சம் தூங்கு. எழுதுவது எழுத்தரின் வேலை. எவ்வளவு தூங்குவது என்பதில்தான் சூட்சுமம். கெர்னல் ஏறக்குறைய 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை டிஸ்க் எவ்வளவு வேகத்தில் எழுதி முடிக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதுகிறது, பத்து ப்ரோக்ராம்கள் போட்டி போடுகின்றன என்று வையுங்கள். ஆளுக்கு விநாடிக்கு 10 எம்பி. ஒரு ப்ரோக்ராம் 32 பக்கம், அதாவது 128 கேபி, நிலுவை வைத்துவிட்டு வருகிறது. விநாடிக்கு 10 எம்பி என்ற பங்குக்கு 128 கேபி பன்னிரண்டரை மில்லி விநாடியின் வேலை. அதில் ஏற்கெனவே கணக்குப் போடுவதிலும் படிப்பதிலும் 5 மில்லி விநாடி கழிந்திருந்தால், மீதி ஏழரை மில்லி விநாடி தூங்க வைத்து அனுப்பிவிடும். ஒரு தூக்கம் 200 மில்லி விநாடிக்கு மேல் போகாது. நிலுவை நடு அளவுக்கு மேல் ஏறினால் எல்லோரின் பங்கும் சற்றுக் குறையும். கீழே இறங்கினால் கூடும். பழைய முறையில் திடீரென்று கதவைச் சாத்தினார்கள். இப்போது கதவு சாத்துவதில்லை, வழியெங்கும் நடையைத்தான் மட்டுப்படுத்துகிறார்கள். எழுதும் வேகத்தை வரைபடமாகப் போட்டால், முன்பு ரம்பப் பல்போல இருந்த கோடு இப்போது ஏறக்குறைய நேர்கோடு.

மந்தமான டிஸ்கும் வேகமான டிஸ்கும் சேர்ந்திருக்கும்போது வரம்பை அவரவர் வேகத்துக்கேற்பப் பங்கிடுவதும் உண்டு. அது 2008லேயே, 2.6.24 கெர்னலில் வந்துவிட்டது. இல்லாவிட்டால் பென்டிரைவின் நிலுவையே மொத்த வரம்பையும் அடைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நல்ல எஸ்எஸ்டிக்கு எழுதுபவரையும் சேர்த்து நிறுத்திவிடும்.

படிப்பவன் என்ன பாவம் செய்தான்?

எழுதுபவர்களின் பஞ்சாயத்து ஒருவழியாகத் தீர்ந்தது. இன்னொருவர் மூலையில் காத்துக் கிடந்தார்: படிப்பவர். பின்னணியில் எழுத்தர் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான எழுத்துக் கோரிக்கைகளை டிஸ்கின் வரிசையில் கொட்டிவிடுவார். அந்த நேரம் பார்த்து நீங்கள் பிரவுசரைத் திறந்தால், அது படிக்கக் கேட்கும் சின்னத் துண்டு அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கும். எழுத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை, படிப்புக்காக ஒரு மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் முன்னால் போவது எழுத்து.

2017 பிப்ரவரியில் வந்த 4.10 கெர்னல் இதற்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தது. இதுவும் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் கைவண்ணம். யோசனை நெட்வொர்க்காரர்களிடமிருந்து கடன் வாங்கியது. ரவுட்டர்களில் தரவு காத்திருக்கும் இடமான பஃபர் பெருத்துப் போய், ஒரு பெரிய டவுன்லோடு ஓடினால் மற்ற எல்லாமே திணறும் நோய்க்கு அவர்கள் கோடெல் என்ற முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, அதில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார். அதேபோல இங்கேயும் படிப்புகள் முடிய ஆகும் நேரத்தைச் சின்னச் சின்ன இடைவெளியில் அளக்கிறார்கள். எஸ்எஸ்டியில் 2 மில்லி விநாடி, ஹார்ட் டிஸ்கில் 75 மில்லி விநாடி என்பது இயல்பான இலக்கு. மிக வேகமாக முடிந்த படிப்புக்கூட இலக்கைத் தாண்டிவிட்டால், பின்னணி எழுத்துக்குக் கொடுத்திருக்கும் இடங்களைக் குறைத்துவிடும். நிலைமை சீரானால் திரும்பக் கூட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015இல் வந்த 4.2 கெர்னலிலிருந்து, கன்டெய்னர்களுக்கு, அதாவது ஒரே கணினியில் பிரித்து ஓடவைக்கும் ப்ரோக்ராம் தொகுப்புகளுக்கு, தனித்தனியாக நிலுவைக் கணக்கு வைக்க முடிகிறது. ஒரு கன்டெய்னர் கொட்டும் எழுத்துக்கு இன்னொன்று தண்டனை அனுபவிக்கவேண்டியதில்லை. 2025 மார்ச்சில் வந்த 6.14 கெர்னலில், ‘எழுதி முடித்ததும் இந்தப் பக்கங்களைக் கேஷில் வைத்திராதே’ என்று ப்ரோக்ராமே சொல்லும் வசதி வந்தது. பேக்அப் எடுப்பதுபோல ஒருமுறை எழுதித் திரும்பிப் பார்க்காத வேலைகளுக்கு அது பொருத்தம். இப்போது சூடாகப் பேசப்படுவது வேறு: டிஸ்குக்கு ஓர் எழுத்தர் என்ற 2009ஆம் ஆண்டுத் தீர்வே என்விஎம்ஈ என்ற இன்றைய அதிவேக எஸ்எஸ்டிகளுக்கு முட்டுக்கட்டை ஆகிவிட்டது. டிஸ்க் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு எழுத்தரால் அதற்குத் தீனி போட முடியவில்லை. ஒரே டிஸ்குக்குப் பல எழுத்தர்களை வைத்தால் ஒரே ஃபைலில் இருவர் மோதாமல் எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வி.

எழுதியதை உறுதி செய்வது

நீங்கள் ப்ரோக்ராம் எழுதுபவர் என்றால் இந்தப் பகுதிதான் உங்களுக்கு முக்கியம். ஃபைலை மூடினால், அதாவது குளோஸ் செய்தால், தரவு டிஸ்குக்குப் போய்விட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். போகாது. இந்த ஃபைலின் நிலுவையை எழுதி முடித்துவிட்டுச் சொல் என்று கெர்னலைக் கேட்கும் அழைப்பு எஃப்சிங்க். அதை அழைத்து, அது பிழையில்லாமல் திரும்பினால்தான் போனதாக அர்த்தம். பழைய அமைப்பு ஃபைல் ஒன்றை மாற்றுவதாக இருந்தால், புதியதை வேறு பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, அதற்குப் பிறகே பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஏதாவது ஒன்று முழுசாக இருக்கும்.

எஃப்சிங்க் பிழை சொன்னால்? திரும்ப ஒருமுறை அழைத்துப் பார்ப்போம் என்று தோன்றும். 2018இல் போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் அதிர்ந்துபோனது இங்கேதான். பின்னணியில் எழுத்து தோற்றால், கெர்னல் பிழையைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் நிலுவைக் குறியை அழித்துவிடலாம். பிழை ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால், அடுத்த எஃப்சிங்க்குக்கு எழுத எதுவும் பாக்கி இல்லை. ‘எல்லாம் சரி’ என்று திரும்பிவிடும். டிஸ்கில் இருப்பதோ பழைய தரவு. போஸ்ட்க்ரெஸ் கடைசியில் எடுத்த முடிவு கடுமையானது: எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி கிடையாது, சர்வரையே விழ வைத்து, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் லாகிலிருந்து மீட்டெடு. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

இனி உங்கள் கணினியில் செய்யக்கூடியது. வேகம் கூட்டும் குறிப்பு என்று சொல்லி டர்ட்டி ரேஷியோவை 60, 80 என்று ஏற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பட்டை இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான். கடனை அடைக்கும் நாள் தள்ளிப்போகுமே தவிர தொகை குறையாது. மேஜைக் கணினிக்கு எதிர்த்திசைதான் நல்லது. சதவீதத்துக்குப் பதிலாக டர்ட்டி பைட்ஸ், டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் என்ற இரண்டு அமைப்புகளில் நேரடி அளவைக் கொடுக்கலாம். ஒன்றைப் போட்டால் அதற்கு இணையான சதவீத அமைப்பு தானாகவே பூஜ்யமாகிவிடும், பயப்படவேண்டாம். நான் 128 எம்பி, 64 எம்பி என்று வைத்திருக்கிறேன். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் இதையே கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அங்கே அளந்து பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அதற்குப் பிறகு அதே பென்டிரைவில் அதே வீடியோவைப் போட்டேன். பட்டை தொடக்கத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் ஊர்ந்து 100ஐத் தொட்டது. வெளியேற்றும் பொத்தானை அழுத்திப் பத்து விநாடியில் பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டது.